அகப்பைக்குக் கட்டை தேடுவது: மரம் பார்ப்பதிலிருந்து எண்ணெய் தடவுவது வரை

நான் முதன்முதலாகச் செதுக்கிய கரண்டி பலாக்கட்டையில் ஆனது. பொன் நிறம், பளபளப்பு, பார்க்க அவ்வளவு அழகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சுட வைத்தபோது பெருமையாக அதைப் போட்டுக் கிண்டினேன். சற்று நேரத்தில் பால் மஞ்சள் பூசிக்கொண்டது. "ஏல, பால்ல மஞ்சப்பொடியா போட்ட?" என்றாள் அம்மா.

பலாவில் விஷம் ஒன்றும் கிடையாது. புத்த துறவிகளின் ஆடைக்குச் சாயம் காய்ச்சியதே பலாவின் வைரக் கட்டையில்தான் (மரத்தின் நடுவில் முற்றிய பகுதியைத்தான் வைரம் என்பார்கள்). சாயக் கட்டையைக் கொண்டுபோய்க் கொதிக்கிற பாலில் போட்டது என் தப்பு.

அடுத்த கரண்டி அதைவிட மோசம். பழைய வீடு இடித்த மரம் விற்கும் ஒரு கடையில் உத்திரத் துண்டு ஒன்றை வாங்கினேன். நல்ல தேக்கு. செதுக்கி, தேய்த்து, சூடான ரசத்தில் விட்டதும் லாரி ஷெட் வாசம் அடித்தது. கரையான் ஏறாமல் இருக்க எந்தக் காலத்திலோ யாரோ அந்த உத்திரத்துக்குக் கழிவு எஞ்சின் ஆயில் பூசியிருக்கிறார்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, தேக்கு என்றார், தேக்குதான். கட்டைக்கு என்னென்ன பூசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

"சமையலுக்கு எந்த மரம் நல்லது?" என்று கேட்கிறவர்கள் பாதிக் கேள்விதான் கேட்கிறார்கள். இந்தக் கட்டை எங்கே நின்றது, வெட்டிய பிறகு இதன்மேல் என்னென்ன பட்டது என்பது மீதிப் பாதி. இப்போது என்னைக் கேட்டால், ஊர் பேர் தெரியாத தேக்கைவிடப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழுந்த கொய்யாக் கிளையே மேல் என்பேன்.

முதல் படி: சாமானை முடிவு செய்யுங்கள், பிறகு மரம்

அடுப்படியில் மரச்சாமான் செய்யும் வேலைகள் ஒன்றுபோல இருப்பதில்லை. உளுந்தங்களி கிண்டும் துடுப்பு கொதிக்கிற மாவில் அரை மணி நேரம் நிற்க வேண்டும், அழுத்தினால் ஒடியக் கூடாது. கீரை மத்து சட்டியில் அடிபட வேண்டும். சப்பாத்திக் கட்டைக்குச் சூடும் இல்லை, ஈரமும் குறைவு. அஞ்சறைப்பெட்டி தண்ணீரையே பார்க்காது. உப்பு மரவைக்குள் வருஷக்கணக்காக உப்பின் ஈரம் இருக்கும். காய் நறுக்கும் பலகைக்குக் கத்தியோடு சண்டை.

ஆகவே முதலில் மூன்று கேள்வி. சூடு படுமா? ஈரத்தில் கிடக்குமா? புளி, தயிர், எலுமிச்சை படுமா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் மரத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மூன்றுக்கும் "இல்லை" என்றால் பலா தாராளமாகப் போதும். என் பலாக் கரண்டி இப்போது அரிசிப் பானைக்குள் கிடக்கிறது, அங்கே அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

இரண்டாம் படி: நம் பக்கத்து மரங்கள்

பூவரசில் தொடங்குகிறேன், என் ஓட்டு அதற்குத்தான். கொழுக்கட்டை அவிக்க இலை பறிக்கிறோமே, அதே மரம்தான். அதன் வைரம் சாக்லேட் நிறத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கும். இழை நெருக்கமானது, உளிக்கு இணங்கி வரும், உணவில் சுவை ஏற்றாது. ஹவாய்த் தீவுக்காரர்கள் இதே மரத்தை மைலோ என்று அழைத்து, உணவுக் கிண்ணம் குடையப் பயன்படுத்தியதும் அந்தக் குணத்துக்காகத்தான். வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் வேலிக்காக நட்டு மறந்த பூவரசு நெல்லைச் சீமையில் எத்தனையோ உண்டு. நேரான நீளக் கட்டை கிடைப்பதுதான் கஷ்டம். கரண்டிக்கு ஒன்றரை அடி போதுமே.

அடுத்தது புளி. கறிக்கடையில் வெட்டுகிற அந்த உருண்டைக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள், அது பெரும்பாலும் புளியமரம். நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடுவதால் அரிவாள் எத்தனை முறை இறங்கினாலும் எளிதில் பிளக்காது. தேக்கு கன அடிக்குச் சுமார் 18, 19 கிலோ நிற்கும் என்றால் புளி 24 கிலோ அளவில் நிற்கும். பலகைக்கும் மத்தின் தலைக்கும் இதைவிடத் தோதான மரம் நம் பக்கம் இல்லை. செதுக்குவது மட்டும் சிரமம். உளியை மணிக்கொரு தரம் தீட்ட வேண்டும். காய்ந்த பிறகு கையால் கரண்டி செதுக்க நினைத்தால் மணிக்கட்டு போய்விடும், பாதிப் பச்சையாக இருக்கும்போதே உருவம் எடுத்துவிடுங்கள். இன்னொன்று, புளியின் வெளிர் மஞ்சள் வெளிக்கட்டையில் வண்டு விரும்பி விழும். அதை எப்படிச் சமாளிப்பது என்பது பின்னால் வருகிறது.

வேம்பைப் பற்றி நிறையப் பேருக்குச் சந்தேகம். கசக்காதா? பச்சை வேம்பில் செய்த கரண்டியைப் பாலில் போட்டால் லேசாகக் கசக்கத்தான் செய்யும். நன்றாகக் காய்ந்த வைரக் கட்டையை இரண்டு மூன்று முறை உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து எடுத்தால் அந்தக் கசப்பு பெரும்பாலும் போய்விடும். வண்டுத் தொல்லை குறைவு, நம் ஊரில் தேட வேண்டியதே இல்லை. ஆனால் "வேப்பங்கரண்டியில் சமைத்தால் நோயே வராது" என்று விற்பவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வேப்பிலையும் வேப்பெண்ணெயும் செய்கிற வேலையைக் காய்ந்த கட்டையிடம் எதிர்பார்க்க முடியாது.

கொய்யாவும் இலந்தையும் சிறிய சாமானுக்கு அருமை. கவாத்து செய்த கொய்யாக் கிளை மணிக்கட்டுத் தடிமன் இருந்தால் ஒரு தாளிப்புக் கரண்டி வந்துவிடும். இழுத்தால் ஒடியாத மரம், இழையும் நுணுக்கம். கருவேலம் இரும்பு மாதிரி. வண்டிச் சக்கரத்துக்கும் உலக்கைக்கும் எடுத்த மரம் இது, களித் துடுப்புக்கும் தாங்கும். ஆனால் துவர்ப்புச் சத்து அதிகம். இரும்புச் சட்டியில் போட்டால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை மாதிரிக் கறுக்கும். ஆபத்தில்லை, ஆனால் வெண்மையான பண்டம் என்றால் பார்க்கச் சகிக்காது. ஆற்றங்கரை மருதுக்கும் இதே கதை.

மாமரம் மலிவு, ஆனால் எனக்கு மனம் வருவதில்லை. பாலும் பட்டையும் சிலருக்குத் தோலில் புண்ணாக்கும். காய்ந்த கட்டையால் அவ்வளவு தொல்லை இல்லை என்றாலும் தூள் பட்டு அரிப்பவர்கள் உண்டு. மென்மையான மரம், சீக்கிரம் நீலம் பூத்துவிடும், வண்டும் பிடிக்கும். தட்டு, பெட்டி செய்யலாம். கரண்டிக்கு வேண்டாம்.

தேக்கு சாமானாக முடிந்த பிறகு சரிதான். ஈரத்தைத் தாங்கும், கோணாது. ஆனால் அதில் உள்ள மணல் சத்து உளியின் முனையைத் தின்றுவிடும். அறுக்கும்போது பறக்கும் தூள் சிலருக்குத் தோலிலும் மூக்கிலும் ஒவ்வாமை கிளப்பும். முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள்.

கடைசியாக, மரமே வேண்டாம் என்கிற வழியும் உண்டு. நல்ல முற்றிய சிரட்டை, அதற்கு ஒரு மூங்கில் கைப்பிடி. நம் பாட்டிமார் அகப்பை என்றாலே அதுதான். சுவை ஏற்றாது, சூட்டுக்கு அசையாது, செலவும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் கை பழகிக்கொண்டு மரத்துக்குப் போனால் நல்லது. பனையும் தென்னையும் வேறு சமாச்சாரம். கறுப்பு நாரும் நடுவே சோறு மாதிரி மென்மையான பகுதியும் கலந்த கட்டை அவை. கைப்பிடிக்குச் சரி, வாயில் படும் பகுதிக்குச் சரியில்லை. பனஞ்சிராய் உதட்டில் ஏறினால் எடுக்க ஒரு நாள் ஆகும்.

மூன்றாம் படி: கிட்டவே போக வேண்டாதவை

எட்டி. கொட்டையிலும் பட்டையிலும் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய விஷம் உள்ள மரம். "கட்டையில் குறைவுதானே" என்று வாதம் செய்யும் இடமில்லை இது. அரளி எந்த வகையாக இருந்தாலும் வேர் முதல் பூ வரை இதயத்தைத் தாக்கும் விஷம். பால் வடியும் கள்ளி வகை எதுவும் வேண்டாம். மலையடிவாரத்தில் சேங்கொட்டை மரத்தை அறியாமல் வெட்டினால் கையெல்லாம் கொப்பளித்துவிடும்.

விஷம் இல்லாவிட்டாலும் அடுப்படிக்கு ஒவ்வாதவை சில. வாகையை அறுத்தால் தும்மலில் வேலை நின்றுபோகும். வேங்கை தண்ணீரில் நிறம் விடும். வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறவர்கள் அதற்காகவேதான் அதை வாங்குகிறார்கள், சாம்பாருக்கு அது எதற்கு? தைலமரம் வாசம் விடும். சவுக்கு காயும்போது வெடித்துவிடும். சந்தனம் உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. ஈட்டித்தூளும் ஒவ்வாமை தரும்.

பெயர் தெரியாத மரமா? வேண்டாம். இலையையோ காயையோ பார்க்காமல் வெறும் கட்டையை வைத்து அடித்துச் சொல்ல நன்றாகத் தெரிந்த ஆசாரியாலும் எப்போதும் முடியாது. நான் பழகும் ஒரு ஆசாரி கட்டையை நாக்கில் தொட்டுப் பார்ப்பார். "அண்ணாச்சி, எட்டியா இருந்தா என்ன செய்வீக?" என்று கேட்டேன். "எட்டின்னு தெரிஞ்சா தொடுவேனா தம்பி" என்றார். அவருக்கு நாற்பது வருஷ அனுபவம். நமக்கு வேண்டாம் அந்தச் சோதனை.

நான்காம் படி: கட்டை எங்கிருந்து வருகிறது

முதல் இடம் உங்கள் தெரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளை முறியும், வீடு கட்ட மரம் வெட்டுவார்கள், மின்கம்பிக்காகக் கிளை கழிப்பார்கள். நின்ற மரத்தைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது, இலையும் கையில் இருக்கிறது, மேலே எதுவும் பூசவில்லை. அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் சாலையோரப் புளியும் ஆற்றங்கரை மருதும் அரசு மரங்கள், கேட்காமல் கை வைக்கக் கூடாது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், அங்கே விழுந்து கிடக்கும் கட்டையைக்கூட எடுத்து வரக் கூடாது.

இரண்டாவது, மரம் அறுக்கும் மில். பக்கவாட்டில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். "என்ன மரம், எப்போது வந்தது, மருந்து அடித்ததா?" என்று நேராகக் கேளுங்கள். ரப்பர் மரத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். குமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருகிற ரப்பர் பலகை பார்க்கச் சுத்தமாக, வெளிர் நிறமாக, செதுக்க வெண்ணெய் மாதிரி இருக்கும். அந்த மரம் பூஞ்சைக்கும் வண்டுக்கும் நிற்காது என்பதால் அறுத்த கையோடு போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலை அழுத்தி ஏற்றுவது வழக்கம். மேசை நாற்காலிக்குச் சரி. கொதிக்கிற குழம்பில் நிற்கும் கரண்டிக்கு எடுக்காதீர்கள்.

பேலட் கட்டைக்கும், அதாவது சரக்கு மூட்டைகளை அடுக்கி ஏற்றும் மரத்தட்டுக்கும், இதே எச்சரிக்கை. தூத்துக்குடித் துறைமுகத்தின் தயவால் நம் பக்கம் பேலட் ஏராளம். அதில் கோதுமைக் கதிர் படத்தோடு முத்திரை குத்தியிருக்கும். ஆங்கிலத்தில் HT என்று இருந்தால் சூடு காட்டியது, MB என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது. சூடு காட்டியதாகவே இருந்தாலும் அதன்மேல் ஏறி வந்த மூட்டையில் என்ன சிந்தியது என்று முத்திரை சொல்லாது. செடித் தொட்டி செய்யுங்கள்.

பழைய கதவு, ஜன்னல், உத்திரம் பற்றி என் கதையை மேலே சொன்னேன். பெயிண்டு பூசியதாக இருந்தால் இன்னும் மோசம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்புப் பெயிண்டுகளை வீட்டுக்குள் வைத்துத் தேய்ப்பது உங்களுக்கே ஆபத்து. பிளைவுட், எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை) வகைகளில் பசை கலந்தே இருக்கும், பேச்சே வேண்டாம்.

ஐந்தாம் படி: துண்டைப் புரட்டிப் பாருங்கள்

வெட்டு முனையைப் பாருங்கள். நடுவில் கருத்த வைரம், சுற்றி வெளிறிய கட்டை. கரண்டியின் கிண்ணம் முழுக்க வைரத்தில் வரும்படி குறித்துக்கொள்ளுங்கள். மரத்தின் நட்டநடுக் குருத்து மட்டும் உள்ளே வரக் கூடாது, வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

நாரின் ஓட்டம் கைப்பிடி நெடுக நேராகப் போக வேண்டும். குறுக்கே வெளியேறினால் களி கிண்டும்போது அந்த இடத்தில் ஒடியும். கணு, ஊசித் துளை, மாவு மாதிரித் தூள், கருநீலத் திட்டு எது இருந்தாலும் ஒதுக்குங்கள். பிறகு ஒரு முனையில் சோப்புத் தண்ணீர் தடவி மறுமுனையில் வாய் வைத்து ஊதுங்கள். மேலே ஏதாவது பூசியிருக்குமோ என்று சந்தேகப்படும் துண்டில் மட்டும் வாய் வைக்காதீர்கள். நுரை கிளம்பினால் துளைகள் திறந்த மரம், மீன் குழம்பின் வாசத்தை ஒரு வாரம் பிடித்து வைக்கும்.

ஆறாம் படி: காய வைப்பது

இதில் அவசரப்பட்டவர்கள் எல்லோரும் அழுதிருக்கிறார்கள், நானும்.

பச்சைக் கட்டை வந்த அன்றே இரண்டாகப் பிளந்து குருத்தை நீக்குங்கள். வெட்டு முனைகளில் உருக்கிய மெழுகு தடவுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஓடிப்போகும். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் ஈரத்தில் கட்டை பூஞ்சை பிடிக்கும். அதே மாதங்களில் கிழக்கே சமவெளியில் அடிக்கும் காற்று ஒரே வாரத்தில் வெடிக்க வைத்துவிடும். தென்காசி என்றால் காற்றோட்டமான திண்ணை, திருநெல்வேலி என்றால் காற்று நேராக அடிக்காத உள்அறை. இரண்டிலும் வெயில் வேண்டாம்.

வண்டைத் தடுக்கப் பழைய வழி ஒன்று உண்டு. கட்டையைச் சில வாரம் தண்ணீரில் மூழ்க வைத்துப் பிறகு காய வைப்பார்கள். வண்டு தேடி வருவது வெளிக்கட்டையில் உள்ள மாவுச் சத்தை, ஊறினால் அதில் ஒரு பங்கு கரைந்து போகும். அந்தக் காலத்தில் குளத்தில் போட்டார்கள். இன்றைக்கு எந்தக் குளத்தில் என்ன கலக்கிறது என்று யாருக்குத் தெரியும், வீட்டுத் தொட்டியில் போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். தேய்பிறையில் வெட்டினால் வண்டு விழாது என்பார்கள். நான் பெரியவர்களோடு வாதாடுவதில்லை, ஆனால் தேய்பிறையில் வெட்டியதையும் ஊறத்தான் போடுகிறேன்.

ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது ஆசாரிகளின் கணக்கு. கரண்டிக்கு அவ்வளவு வேண்டாம். பச்சையிலேயே உருவம் வெட்டி, முடிவு அளவைவிட அரை விரல் கனம் கூடுதலாக விட்டு, செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டுச் சுவரில் எழுதுங்கள். மூன்று வாரம் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

ஏழாம் படி: வெந்நீர்ச் சோதனை

பலாக் கதைக்குப் பிறகு இதைச் செய்யாமல் நான் எதையும் முடிப்பதில்லை. இழைத்த சீவல் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் மூடி வையுங்கள். திறந்ததும் முதலில் மணம் பிடியுங்கள். பிறகு வெள்ளைத் தாளுக்கு முன் நிறுத்தி நிறம் பாருங்கள். பூவரசில் லேசான தேநீர் நிறம் வரலாம், இன்னொரு முறை வெந்நீர் ஊற்றும்போது அது குறைய வேண்டும். இரண்டாம் தண்ணீரும் அடர்த்தியாகவே இருந்தால் சூடான பண்டத்துக்கு அந்தக் கட்டை வேண்டாம். எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ பெட்ரோல், பெயிண்டு, மருந்து வாசம் வந்தாலோ அடுப்புக்குக்கூடப் போடாதீர்கள், புகையும் கெடுதல். மரம் இன்னதென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள்.

எட்டாம் படி: தேய்ப்பு

உப்புத்தாள் 80, 120, 220 என்று போங்கள். 220 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள், மயிர் மாதிரி நார் எழும்பும். திரும்பத் தேயுங்கள். இதை மூன்று முறை செய்தால் கழுவிய பிறகும் வழவழப்பாக இருக்கும். பசை வைத்து ஒட்டாதீர்கள், அகப்பை ஒரே கட்டையில் வரட்டும்.

ஒன்பதாம் படி: எண்ணெய்

வீட்டில் இருக்கிறதே என்று எல்லோரும் எடுப்பது தேங்காய் எண்ணெய். அது எவ்வளவு நாள் ஆனாலும் படலமாக இறுகாது. தினமும் கழுவிப் பயன்படுத்தும் கரண்டிக்குப் பரவாயில்லை. அலமாரியில் இரண்டு மாதம் கிடந்தால் சிக்கு வாசம் வரும். நல்லெண்ணெயும் அப்படித்தான்.

இறுகுவது ஆளிவிதை எண்ணெய். சாப்பிடுவதற்கென்று விற்கும் செக்கு எண்ணெயை வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் "டபுள் பாயில்டு" என்று கிடைப்பதில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது கதவுக்கு. சாப்பிடும் எண்ணெய் இறுக இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். மெல்லப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ விரித்துக் காயப்போட்டோதான் எறிய வேண்டும்.

காய் நறுக்கும் பலகைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு உருக்கிப் பூசுங்கள். கரண்டிக்கு இது வீண். தேன்மெழுகு 60 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகிவிடும், முதல் சாம்பாரில் போய்விடும். வார்னிஷ், மெலமைன் பாலிஷ் எதுவும் வேண்டாம். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்குக் கடைசலில் அரக்கு ஏற்றுவார்களே, அது விளையாட்டுச் சட்டிக்கு அழகு. நிஜச் சட்டியின் சூட்டில் அரக்கு இளகும்.

என் வீட்டுக் களித் துடுப்புக்கு நான் எதுவுமே பூசவில்லை. களியில் விடும் நல்லெண்ணெயே அதற்குப் போதும், தினம் புழங்குவதால் சிக்கு வாசத்துக்கும் இடமில்லை.

பத்தாம் படி: புழங்குவதும் கழிப்பதும்

ஊற வைக்காதீர்கள், கழுவியதும் நிறுத்தி வைத்து நிழலில் காய விடுங்கள். மரப்பலகையில் கிருமி தங்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் குழு சோதித்தபோது, மரத்தில் தடவிய பாக்டீரியாவைச் சீக்கிரத்திலேயே மேற்பரப்பிலிருந்து திரும்ப எடுக்க முடியவில்லை, கத்தி கீறிய பிளாஸ்டிக்கில் அவை தங்கின. அதற்காகக் கழுவாமல் விடலாம் என்று பொருளில்லை. கோழி, மீனுக்குத் தனிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தில் நகம் நுழையும் வெடிப்பு விழுந்தால் சரி செய்ய முயல வேண்டாம். பூசுவேலை எதுவும் சூட்டில் நிற்காது. எங்கள் வீட்டில் அப்படி வெடித்த புளியங்கட்டை மத்து ஒன்று இப்போது கோழிக்கூட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது.